என் கை இழுத்த அரை சென்டிமீட்டர்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கும் உங்களுக்கு இது அச்சாகித்தான் வரும், என் கையெழுத்து தெரியாது. அதை உற்றுப் பார்த்துக் கணினியில் ஏற்றும் பத்திரிகை அலுவலகத்துச் சகோதரி யாரோ, அவருக்குத்தான் இந்த மன்னிப்பு.

போன எட்டு வாரமும் இந்தத் தொடருக்கு நான் எழுதியதை ஜெயராணி வாங்கித் திருத்தி, நல்ல தாளில் எழுதி அனுப்பினாள். ஜெயராணி என் மனைவி. சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு ஒன்றுதான். அவள்தான் பிரித்து அதனதன் இடத்தில் வைப்பாள். இந்த வாரம் எழுதுவது அவளைப் பற்றி. அதனால் காட்டவில்லை.

தீபாவளி முடிந்து, மீதி லீவுக்குத் தன் அம்மா ஊருக்கு அவள் முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். நான் நாளைக் காலை பஸ் ஏற வேண்டும். அதற்குள் எழுதி, போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட நினைக்கிறேன். நடந்து மூன்று வருடம் இருக்கும். எழுதலாம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, அதனால்தான்.

தாளின் மறுபக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கோயிலுக்குப் போய்வந்த சேலையை மாற்றாமலேயே ஜெயராணி தரையில் உட்கார்ந்து ஒரு கட்டத்தாளை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊர்ப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குக் கோயில் ஞாயிறு, எனக்கு வெள்ளி. அந்தக் கதையை மூன்றாம் வாரத்தில் எழுதிவிட்டேன்.

அழித்து அழித்து ஓரிடத்தில் தாள் மெலிந்து கிழிந்தது. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ரப்பர்த் துகளை அவள் குனிந்து ஊதிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் எதை அழிக்கிறாள், அது ஏன் அவளுக்குச் சரியாக வரவில்லை, இரண்டும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் முடியவில்லை.

அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மகள் நர்ஸ் படிப்பை முடித்து வேலைக்குப் போன வருடம், ஜெயராணி தபால் வழியில் பி.காம். சேர்ந்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு தெற்கிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பல வருடம் நின்றாள். பிறகு அதே கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலைக்கு மாறினாள். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் 'படிப்பு' என்ற இடத்தில் வந்து பேனா நின்றுவிடுகிறது என்பாள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் சேர்ந்தாள். வேறு பெரிய ஆசை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாப் பாடமும் தேறிவிட்டாள். புள்ளியியல் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. தபால் படிப்புக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் ஒரு பாடம் பாக்கி நின்றாலும் தேறிய பாடங்களும் சேர்ந்து வீணாகும். வரப்போகிற மழைக்காலத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி. அதற்கு இரண்டு வாரம் இருந்தது.

அவளை மடக்கியது ஒரே ஒரு பகுதி. இயல்நிலைப் பரவல் என்று பெயர். மதிப்பெண் அதிகம் அதில்தான். புத்தகத்தில் மின்விளக்குக் கணக்கு போட்டிருந்தது. விளக்குகள் சராசரியாக ஆயிரம் மணி நேரம் எரியும், திட்ட விலக்கம் நூறு மணி நேரம். அப்படியானால் ஒரு விளக்கு எண்ணூறு மணி நேரத்துக்குள் அணைந்துபோகும் நிகழ்தகவு என்ன? புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து விடை சொல்ல வேண்டும்.

சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால்தான் கஷ்டம். எந்தப் பக்கத்தைக் கூட்டுவது, எந்தப் பக்கத்தைக் கழிப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவாள். ஆயிரம் மணி நேரம் விளக்கு எரிவதை யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று புத்தகத்தோடு சண்டை போடுவாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். என்னால் முடிந்த உதவி தாள் கொண்டுவந்து கொடுப்பதுதான். கம்பெனியில் பழைய அளவுத் தாள்களைக் கழித்துப் போடுவார்கள். ஒரு பக்கம் எழுதியிருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். கேட்டு வாங்கி வருவேன். அவள் வெறும் பக்கத்தில் கணக்குப் போடுவாள்.

ஒருநாள் கணக்குப் போட்ட தாளைத் திருப்பினாள். முன்பக்கத்தில் வரிசை வரிசையாக எண்கள். கீழே என் கையெழுத்து.

"ஏங்க, இது நீங்க அளந்ததா?"

ஆமாம் என்றேன்.

"இம்புட்டு நம்பர வீட்டுல வச்சிக்கிட்டா நான் வெளக்குக்கு அழுதேன்?" என்றாள்.

ஐம்பத்திரண்டு

என் வேலை மெஷர்மென்ட் செக்கிங். தைத்து முடிந்த டி-ஷர்ட்டை மேஜையில் பரப்பி, டேப் வைத்து அளந்து தாளில் எழுத வேண்டும். நீளம், தோள், கை, செஸ்ட் என்று ஒவ்வொரு பீஸுக்கும் பல அளவு உண்டு. ஜெயராணி எடுத்துக்கொண்டது செஸ்ட் மட்டும். பரப்பி வைத்த டி-ஷர்ட்டில் இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள் வரை.

அந்தத் தாள்களில் இருந்த ஸ்டைலுக்கு எம் சைஸ் செஸ்ட் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆர்டர் கொடுத்து வாங்குகிற பையர் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்க விடுவார். ஐம்பத்தொன்றுக்குக் குறைந்தாலும் ஐம்பத்து மூன்றைத் தாண்டினாலும் அவுட். பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவர் பிரித்துத் தைக்க வேண்டும்.

புத்தகத்தில் இயல்நிலைப் பரவலுக்கு ஒரு படம் இருந்தது. நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிந்து, தரையை ஒட்டி ஓடுகிற ஒரு குன்று. பெரும்பாலானவை சராசரியை ஒட்டி நிற்கும், விலக விலகக் குறையும், ரொம்ப விலகியவை ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று ஜெயராணி எனக்குச் சொன்னாள். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. ஐம்பத்திரண்டை ஒட்டியவை தினமும் என் கையில் எத்தனையோ வரும். ஐம்பத்து மூன்றரை எப்போதாவதுதான் வரும்.

திட்ட விலக்கம் என்றால் என்ன என்றும் கேட்டேன். குன்று எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதற்கு ஓர் அளவு என்றாள். ஒல்லியான குன்றுக்குச் சின்ன எண், அகலமான குன்றுக்குப் பெரிய எண். அவள் சொன்னதில் எனக்கு முழுசாகப் புரிந்த இரண்டாவது விஷயம் அது.

பன்னிரண்டு தாள் எடுத்துவைத்துக்கொண்டாள். கட்டத்தாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு வரிசை. ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வரிசையில் ஒரு புள்ளி. குன்று எழும்பிவிட்டால் கணக்குக் கண்ணுக்குத் தெரியும், பிறகு எப்படித் திருப்பிக் கேட்டாலும் போடலாம் என்பது அவள் நம்பிக்கை.

நடுவில் குன்று அழகாக எழும்பியது. வலது பக்கம் சரிந்து இறங்கியது. ஐம்பத்து மூன்றுக்கு வந்ததும் புள்ளிகள் ஒரேயடியாக ஏறி நின்றன. அதற்கு அப்பால் ஒரு புள்ளிகூட இல்லை. இடது பக்கமும் அப்படியே. ஐம்பத்தொன்றில் ஓர் ஏற்றம், அந்தப் பக்கம் வெறும் தாள். குன்றுக்கு இருபுறமும் யாரோ காம்பவுண்டுச் சுவர் எழுப்பிய மாதிரி இருந்தது.

அழித்தாள். திரும்ப எண்ணினாள். திரும்பவும் சுவர் வந்தது.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள்

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏன் ஐந்தாவதோடு நின்றாய் என்று கேட்பவர்களிடம் வீட்டுக் கஷ்டம் என்று சொல்வேன். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். உண்மை வேறு. எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்குக் குன்னத்தூர் போக வேண்டும். போனேன், ஒரே ஒரு நாள். பெரிய வகுப்பு, அறுபது பையன்கள். வாத்தியார் ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்தேன். வாய் வரவில்லை. அறுபது தலை திரும்பி என்னைப் பார்த்தது. அவரும் பொறுமையாகத்தான் காத்திருந்தார். கடைசியில் பக்கத்துப் பையன் என் பெயரைச் சொன்னான்.

மறுநாள் நான் போகவில்லை. அப்பா இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தறிக்குடோனில் சேர்த்துவிட்டார். என் படிப்பு அவ்வளவுதான். புள்ளி வைத்த எண்ணைப் பிறகு டேப்பைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கூச்சம் என்னோடு பனியன் கம்பெனிக்கும் வந்தது.

பனியன் துணி பின்னிய துணி. கையில் எடுத்தால் கொடுக்கும், வாங்கும். பரப்பிய பீஸை உள்ளங்கையால் நடுவை நோக்கித் தடவினால் கொஞ்சம் அடங்கும். இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தால் அரை சென்டிமீட்டர் நீளும். விதிப்படி பீஸைப் பரப்பிவிட்டு, அது தன் போக்கில் அடங்கும்வரை விட்டு, பிறகு இழுக்காமல் அளக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவுட் என்றால் அந்தப் பீஸைக் கையில் தூக்கிக்கொண்டு லைனுக்குள் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது மெஷின். தைத்தவர் முன்னால் போய் நின்று, மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொல்ல வேண்டும். நாற்பது தலை நிமிரும்.

அதனால் ஐம்பத்து மூன்றரை வந்தால் என் கை ஒருமுறை தடவும். ஐம்பத்து மூன்று என்று எழுதுவேன். ஐம்பதரை வந்தால் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுப்பேன். ஐம்பத்தொன்று என்று எழுதுவேன். அந்தப் பன்னிரண்டு தாளில் பாதி, துவைத்த பிறகு தாறுமாறாகச் சுருங்கிய ஒரு லாட்டுடையது. என் கைக்கு அப்போது வேலை அதிகம்.

என்னைப் பற்றி, வேலண்ணன் டேபிளிலிருந்து பீஸ் திரும்பி வராது, தங்கமான மனுஷன் என்று டைலர்கள் சொல்வார்கள். இரக்கம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இரக்கமாக இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கை வேர்த்திருக்காது.

பருப்பு அடிப்பிடித்த மதியம்

மூன்றாம் தடவையும் சுவர் வந்தது. ஜெயராணி ரப்பரைக் கீழே வைத்தாள். புத்தகத்தை மூடினாள்.

"எனக்கு வராதுங்க," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "புள்ளி வைக்கக்கூடத் தெரியல பாருங்க. மூணு தரம் எண்ணி மூணு தரமும் தப்பு. சின்னப் புள்ளைக எண்ணிரும். ஹால் டிக்கெட் பீரோவுல இருக்கு, அங்கனயே கெடக்கட்டும். நான் போகல."

நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் மூளைக்கு ஏறவில்லை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மகளும் போனில், போதும் விடும்மா என்றுதான் சொல்வாள். இத்தனை வருடம் விடியலில் எழுந்து படித்தது அத்தோடு முடிந்துவிடும். என் கை செய்த வேலைக்கு அவள் தலை பழி ஏற்கும்.

மறுபடியும் அறுபது தலை திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அங்கே இருந்ததோ ஒரே ஒரு தலை, அதுவும் குனிந்திருந்தது.

"அம்மிணி, நீ எண்ணுனது சரிதான். என்ற கைதான் தப்பு," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். மேற்கொண்டு வாய் வரவில்லை. எழுந்து போய்க் கொடியிலிருந்து என் டி-ஷர்ட் ஒன்றை எடுத்துவந்து தரையில் பரப்பினேன். டேப் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அளந்து காட்டினேன். ஐம்பத்தேழரை. உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி அளந்தேன். ஐம்பத்தேழு. ஓரத்தைப் பிடித்து இழுத்து அளந்தேன். ஐம்பத்தெட்டு.

அவள் டேப்பை வாங்கித் தானே ஒருமுறை தடவி அளந்து பார்த்தாள். பிறகு கட்டத்தாளை இழுத்துவைத்து, ஐம்பத்து மூன்றில் நின்ற சுவரின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப இது?"

"அங்க நிக்கறதுல பாதி வெளிய நிக்க வேண்டிய பீஸு. நாந்தான் உள்ள இழுத்து உட்டுட்டேன். திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கக் கூச்சம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது.

"நான் செக்கிங்ல சேந்த புதுசுல, எம் பக்கத்து மேசையில ஒரே பீஸ நாலு தரம் இழுத்து இழுத்து அளப்பீங்க. நம்ம பக்கத்துல கூடக் கொஞ்ச நேரம் நிக்கத்தான் இந்த மனுசன் அப்படிச் செய்யுதாருன்னு நெனச்சேன்."

"அதுக்குந்தான் அம்மிணி," என்றேன்.

முப்பது வருடத்தில் அதை நான் சொன்னது அப்போதுதான்.

பருப்பு அடிப்பிடித்த வாசனை அப்போதுதான் எங்களுக்கு எட்டியது. அதையே சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவள் முகம் மாறியிருந்தது. தனக்கு நூறு பீஸின் அளவு வேண்டும் என்றாள். தடவாமல், இழுக்காமல், இருக்கிறதை இருக்கிற மாதிரியே எழுதி வர வேண்டும் என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு

அதே ஸ்டைல் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. டீ டைமிலும் சாப்பாட்டு நேரத்திலும் நான்கு நாள் அளந்தேன். கஷ்டமாக இருந்தது. பீஸைப் பரப்பியதும் கை தானாகத் தடவப் போகும். அதனால் பரப்பிய உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வேன். துணி தன் போக்கில் அடங்கியபின்தான் டேப்பை எடுப்பேன்.

லைனில் சுனில் என்று ஓர் ஒடிசாக்காரர் தைக்கிறார். டீ கிளாஸோடு வந்து நின்று பார்த்தார். "அண்ணா, பீஸ் சாமியா? கும்புடு பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நூறு எண் சேர்ந்தது. நான் படிக்க, அவள் புள்ளி வைத்தாள். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு. நடுவில் ஒரு இடத்தில் என் குரல் தானாக இறங்கிவிட்டது.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க," என்றாள்.

"ஐம்பத்து மூணு புள்ளி நாலு."

ஐம்பத்து மூன்றுக்கு அப்பால், வெறும் தாளில், அவள் முதல் புள்ளியை வைத்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தோம். சுவர் இல்லை. குன்று இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, அடிவாரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிகள் தள்ளி நின்றன. புத்தகத்துப் படம் அளவுக்கு வழவழப்பாக இல்லை. ஆனால் அதுதான்.

அவள் கணக்கில் இறங்கினாள். சராசரி ஐம்பத்திரண்டை ஒட்டி வந்தது. திட்ட விலக்கம் அரை சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. அரை என்றே வைத்துக்கொண்டாள். பையர் விடுவது ஒரு சென்டிமீட்டர். அதில் அரை சென்டிமீட்டர் இரண்டு இருக்கிறது. அட்டவணையில் இரண்டுக்கு நேரே விரலை ஓட்டினாள். புள்ளி நான்கு ஏழு ஏழு இரண்டு. அது குன்றின் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கத்துக்கும் இரட்டித்தாள். புள்ளி ஒன்பது ஐந்து நான்கு நான்கு. முழுக் குன்று ஒன்று என்றால், மீதி புள்ளி பூஜ்யம் நான்கு ஐந்து ஆறு.

"நூத்துக்கு நாலரை. நாலு இல்லாட்டி அஞ்சு வெளிய இருக்கணும்," என்றாள்.

கட்டத்தாளில் எண்ணினோம். வலது பக்கம் மூன்று, இடது பக்கம் இரண்டு.

அந்த அட்டவணையைப் போட்டவர் எங்கள் மேஜையைப் பார்த்தவரில்லை. துணி எந்த மில்லில் பின்னியது, யார் தைத்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அடுத்த தாளில் நூறு பீஸ் அளந்தால் ஐந்து வராமல் மூன்றோ ஆறோ வரலாம் என்று ஜெயராணி சொன்னாள். இருந்தாலும் எனக்கு அந்த ஐந்து பெரிதாக இருந்தது.

ஐந்தையும் ஐந்து டைலர்கள் தைத்திருந்தார்கள். அதில் யாரும் குறையாக வேலை செய்கிறவர் இல்லை. ஒழுங்காகத் தைத்தாலும் நூற்றில் சிலது அடிவாரத்தில்தான் போய் நிற்கும், அதுவும் அந்தக் குன்றைச் சேர்ந்ததுதான். இது தெரியாமல் இத்தனை வருடம் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையோ குற்றம் சொல்லப் போகிற மாதிரி கூசியிருக்கிறேன்.

ஜெயராணி அதற்குள் தனக்குத்தானே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஐம்பத்திரண்டரைக்கு மேல் எத்தனை? அட்டவணை பதினாறு என்றது, தாளில் பதினேழு இருந்தது. கூட இருக்கிறது சுனிலுடையது என்றாள். எந்தப் பக்கத்தைக் கழிப்பது என்று அவள் இப்போது சூத்திரத்தைப் பார்க்கவில்லை. வேண்டாத பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மூடாத பக்கத்தைப் பார்த்தாள்.

பால் பாக்கெட்

தேர்வு அன்று தூறல். கல்லூரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மூன்று மணி நேரம் நின்றேன். எத்தனை டீ குடித்தேன் என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வெளியே வந்தவள் குடையை விரிக்கவில்லை.

"வெளக்கு வரலங்க. பால் பாக்கெட்டு வந்துச்சு," என்றாள். ஐந்நூறு மில்லி இருக்க வேண்டிய பாக்கெட்டில் இவ்வளவுக்கும் இவ்வளவுக்கும் நடுவில் எத்தனை என்று கேட்டிருந்தார்களாம். "பாக்கெட்ட எல்லாம் டி-சர்ட்டா மாத்திட்டேன். ஒங்க கை எந்தப் பக்கமிருந்து இழுக்கும்னு நெனச்சிக்கிட்டு, அந்தப் பக்கத்தக் கழிச்சேன்."

வண்டியில் வரும்போது என் முதுகில் ஏதோ எண் எழுதிச் சரி பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை எனக்கு ஐம்பத்து மூன்று புள்ளி நான்கு வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, மறுபடி அளந்தேன். அதேதான். தாளில் அப்படியே எழுதினேன். பீஸைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் நடந்தேன். சுனில் தைத்தது.

"சுனில், அவுட்டுங்க."

நாற்பது தலை நிமிரும் என்று நினைத்தேன். மூன்றோ நான்கோதான் நிமிர்ந்தன. சுனில் பீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி அண்ணா" என்று பிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். திரும்பி வந்து அடுத்த பீஸைப் பரப்பினேன்.

அந்த வாரக் கடைசியில், தரம் பார்க்கிற எங்கள் க்யூ.சி. இன்சார்ஜ் தாளோடு என் மேஜைக்கு வந்தார். என்னைவிட இளையவர், மரியாதைக்காரர். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க வேலண்ணா, திடீர்னு அவுட் எழுதறீங்க. இத்தன நாளா இதெல்லாம் எங்கீங்க இருந்துச்சு?"

"என்ற கையில இருந்துச்சுங்க சார்."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பழைய தாளைப் பற்றி முதலாளியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். இனி இருக்கிறதை மட்டும் எழுதச் சொன்னார். அடுத்த லாட்டிலிருந்து துணியை வெட்டுவதற்கு முன் பிரித்து இன்னும் அதிக நேரம் ஆறப்போட வைத்தார். அவுட் கொஞ்சம் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும்.

பீரோக் கதவு

ரிசல்ட் வந்தபோது வெயில் காலம் தொடங்கியிருந்தது. ஜெயராணி ஆபீஸிலிருந்து போனோடு என் மேஜைக்கு வந்தாள். வேலை நேரத்தில் அவள் அங்கே வருவதே இல்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவே போனை என் முன்னால் நீட்டினாள். தேர்ச்சிக்கு வேண்டியதற்கு மேல் நான்கு மதிப்பெண். என் கழுத்தில் தொங்கிய டேப் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு கட்டத்தாளை ஒட்டினாள். சுவரில்லாத குன்றைத்தான் ஒட்டுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ரப்பரால் கிழிந்த பழைய தாள். இரண்டு பக்கமும் சுவரோடு நிற்கிறது. எனக்கு முகம் சுட்டது. இது எதற்கு, நல்லதை ஒட்டலாமே என்றேன்.

"நல்ல குன்னு எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்குங்க. இது நம்ம வீட்டுல மட்டுந்தான இருக்கு," என்றாள்.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நாளைப் பயணத்துக்குச் சட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது பார்த்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தெருவில் மெஷின் சத்தம் இல்லை, ஊரே காலியாக இருக்கிறது.

அளவுத் தாளில் நாங்கள் முதலில் நிரப்புவது தேதி. மற்றதை எப்படி எழுதியிருந்தாலும் தேதியை நான் ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை. இந்தத் தாளில் அதைக் கடைசியாக எழுதுகிறேன்.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.